சைவ மீன் தேடிய ஜூன்

ஜூன் 4, புதன்

வெயில். கத்திரி முடிந்துவிட்டதாகப் பஞ்சாங்கம் சொல்கிறது. மயிலாப்பூருக்கு இன்னும் தகவல் வரவில்லை.

தொட்டி நீர்ச் சோதனை: அமோனியா இல்லை. உப்பு சரி. சூடு இருபத்தெட்டு, அதுவும் விசிறி வைத்த பிறகு. ஐந்து வாரமாக மீன் இல்லாத உப்புத் தண்ணீரையும் நாலு பாறையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு இது பெரிய மாற்றமில்லை.

காரணம் என் மனைவி லலிதா (இனி ல., மை மிச்சம்). அடையாறு பல் டாக்டரின் காத்திருக்கும் அறையில் ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு கோமாளி மீன்கள். பல் பிடுங்கி, வீங்கிய கன்னத்துடன் வெளியே வந்து சொன்னாள்: "நம்மாத்துலயும் இது மாதிரி வெச்சுண்டா என்ன?" முப்பத்து நாலு வருடத்தில் அவள் தனக்கென்று கேட்டவை: ஒரு தையல் மிஷின், இது.

நிபந்தனை ஒன்று. மீனுக்குப் போடுவது சைவமாக இருக்க வேண்டும். "நம்ம ஆத்துக்கு வரதுன்னா நம்ம மாதிரி இருக்கட்டும்."

ஆரம்பக்காரனுக்கு ஒத்துப்போகும் கடல் மீன்கள், புத்தகம் பார்த்து எழுதியது:

கோமாளி — சாது. ஜோடியாக வைக்கலாம். இறால் தின்னும்.
கோபி — மணலைச் சலிக்கும், யார் வம்புக்கும் போகாது. அதுவும் இறால்.
நீல டாம்சல் — அழகு. ரவுடி. வேண்டாம்.
சிங்க மீன் — கூட இருப்பவர்களைத் தின்னும். வேண்டவே வேண்டாம்.
பிளென்னி — பாறையில் பாசி மேயும். சைவம்! (சிவப்பு மையில் இரண்டு கோடு.)

மாலை. மாடியில் குடியிருக்கும் ரோஸ்லினிடம் பேசியாயிற்று. தூத்துக்குடிப் பெண். ஆழ்வார்பேட்டையில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். கணவர் ஆன்டோவுக்குத் துறைமுகத்தில் வேலை. போன ஞாயிறு மீன் பொரித்த வாசனை படியிறங்கி வந்தது. ல. சாம்பிராணி போட்டாள். நான் வாசனையைப் பற்றிப் பேசவில்லை. "பையன் பெங்களூர்லேர்ந்து வரான்மா, வீடு வேணும். மாசக் கடைசிக்குள்ள" என்றேன். இதில் பெங்களூர் மட்டும் உண்மை.

"சரி அங்கிள்" என்றாள். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடத் தண்ணீர் மோட்டாருக்குச் சண்டை போடாதவள். சண்டை போட்டிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும்.

ஜூன் 7, சனி

சைதாப்பேட்டை. மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்து, தாஸ் என்பவரின் மீன் கடை. காதில் பென்சில். தேவையைச் சொன்னேன்.

"சைவ மீனா?" உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "இந்தாம்மே, வந்து பாரு. சார் சைவ மீன் கேக்குறாரு."

அவர் மனைவி வந்து பார்த்தார். மீனை அல்ல.

"கடல்ல இன்னா சைவ ஓட்டலா சார் கீது?" என்றார் தாஸ்.

பிளென்னி என்றேன். கொஞ்சம் மரியாதை வந்தது. "ஆங். அது பாசி மேயும். ஒண்ணு எடுத்துக்க."

இரண்டு கேட்டேன்.

"ரெண்டு ஆவாது."

"துணைக்கு?"

"நைனா, அது உன்னாண்ட வந்து தொணை கேட்டுச்சா? ஒண்ணுதான் தருவேன்."

ஒன்று வாங்கிக்கொண்டேன். பிறகு தி.நகரில் இறங்கி வேறு கடையில் இன்னொன்று. அந்தக் கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்களை நம்பித்தான் அப்படிப்பட்ட கடைகள் ஓடுகின்றன.

மாலை 6. இரண்டும் தொட்டியில். பழுப்பு நிறம், தவளை முகம், நெற்றியில் இரண்டு மயிர். பாறைமேல் முழங்கை ஊன்றியது மாதிரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கண்டனத்தோடு பார்க்கின்றன. ல. நெடுநேரம் கவனித்துவிட்டு, "நம்மவா மாதிரியே இருக்கு" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

சண்டை. காலையிலிருந்து. பெரியது சின்னதைப் பாறையை விட்டு விரட்டுகிறது. சின்னது கண்ணாடி மூலையில். வாலில் பாதி இல்லை. பாசி எல்லாப் பாறையிலும் இருக்கிறது. போதாதாம்.

மின் கட்டணம் கட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குக் காது மாற்ற வேண்டும்.

ஜூன் 11, புதன்

சின்னது தொட்டிக்குப் பின்னால் தரையில். மூடியின் இடுக்கு வழியாகக் குதித்திருக்கிறது. காய்ந்து, ஊறுகாய் மாங்காய்த் துண்டு மாதிரி. செம்பருத்தித் தொட்டியில் புதைத்தேன்.

ல.: "இன்னொண்ணு எங்கே?"

"பாறைக்குள்ள தூங்கறது."

பொய் எனக்கு இவ்வளவு இலக்கணச் சுத்தமாக வருவது முன்பே தெரிந்திருந்தால் வேறு தொழிலுக்குப் போயிருக்கலாம்.

ஜூன் 12, வியாழன்

மறுபடி சைதாப்பேட்டை. இரண்டாவதும் வாங்கியதை ஒத்துக்கொண்டேன். தாஸ் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

"சார், ஒரே சைஸு, ஒரே சாப்பாடு, ஒரே வூடு. அப்பால இன்னா ஆவும்? வெட்டுக்குத்துதான். வேற வேற துன்றதுங்கோதான் சார் ஒத்துமையா இருக்கும். ஒண்ணு தட்டுல ஒண்ணு கைவெக்காது பாரு."

எழுதிக்கொண்டேன், பரீட்சைக்குப் படிப்பவன் மாதிரி. இன்னும் சொன்னது: சாதுவை முதலில் விட வேண்டும், முரடைக் கடைசியில். நான் தலைகீழாகச் செய்துவிட்டேன். புது மீன் விடும்முன் பாறைகளைக் கலைத்து அடுக்க வேண்டும். "பளசு எது தன் எடம்னே மறந்துபூடும். எல்லாரும் புதுசா குடிவந்தவங்கோதான்."

கோமாளி ஜோடி வாங்கினேன். பெரியது பெண், சிறியது ஆண். அந்த இனத்தில் அப்படித்தானாம். "இப்பதான் கடல்லேர்ந்து வந்துக்குது. மாத்திரத் தீனி தொடாது. எறாலைப் பொடிசா நறுக்கிப் போடு. ஒரு மாசம் பளக்கு, அப்பால மாத்திரயும் துன்னும். எறால் பாக்கெட்டு தரட்டா?"

"வீட்ல இருக்கு" என்றேன்.

வீட்டில்! ஏழு தலைமுறையில் யார் கேட்டாலும் மயக்கம் போட்டிருப்பார்கள். டப்பாவில் வரும் அந்த மாத்திரைத் தீனி மட்டும் வாங்கி வந்தேன்.

ஜூன் 14, சனி

மூன்றாம் நாள். கோமாளிகள் ஒன்றும் தின்னவில்லை. உருண்டை பக்கத்தில் போனால் வாய்க்குள் வாங்கி, யோசித்து, துப்புகின்றன. ல. நாற்காலியைத் தொட்டி முன் போட்டுக்கொண்டு பீன்ஸ் நறுக்குகிறாள். மீனைப் பார்த்துப் பார்த்து, பீன்ஸ் பெரிசும் சிறிசுமாக.

டப்பாவின் பின்பக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். மீன் மாவு. இறால் மாவு. எண்ணெய். நாலாவதாகத்தான் பாசி. ல.விடம் "முழுக்கக் கடல்பாசி" என்று சொல்லியிருந்தேன். டப்பா இருந்த இடம்: பூஜை அலமாரியின் கீழ்த்தட்டு. எடுத்து ஸ்கூட்டர் டிக்கியில் பூட்டினேன்.

மத்தியானம் கேட்டே விட்டேன். ஃப்ரிட்ஜில், ஃப்ரீசரில், ஒரு ஓரமாக.

"ஆத்துக்குள்ள எறாலா? தோசை மாவு இருக்கற எடத்துலயா? வெயில்ல சுத்திட்டு வந்து பேசறேளா?"

"இல்லேன்னா ரெண்டும் செத்துப்போகும்."

நாற்காலியைத் தொட்டிக்கு இன்னும் அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்கோ." கண் தொட்டி மேலேயே.

ஜூன் 15, ஞாயிறு

சிறியதன் வயிறு உள்வாங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்து, எட்டும் தூரத்தில், இறாலை ஏற்கும் ஃப்ரீசர் ஒன்றே ஒன்று. மாடியில். ஏழு படி ஏறி இறங்கிவிட்டேன். மறுபடி ஒன்பது. ஞாயிறு மத்தியானம், மாடியிலிருந்து வாசனை வந்தது. சாம்பார். நான் பேசியதிலிருந்து அவர்கள் மீன் பொரிக்கவில்லை போலிருக்கிறது. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். இறங்கி வந்துவிட்டேன்.

ஜூன் 16, திங்கள்

போனேன். கூடம் முழுக்க அட்டைப்பெட்டி.

"வாங்க சார்." அங்கிள் காலி.

மீன் என்றேன், பட்டினி என்றேன், ஃப்ரீசர் என்றேன். முழு வாக்கியம் ஒன்றும் அமையவில்லை. ரோஸ்லின் அவற்றை எடுத்து ஒன்றாகக் கோத்தாள்.

"எறாலை எங்க வீட்டு ஃப்ரிட்ஜுல வைக்கணும். அப்படித்தான சார்?"

"ஆமாம்மா."

உள்ளிருந்து ஆன்டோ: "யாரு ரோசு?"

"ஹவுஸ் ஓனர் சார். எறாலோட விஷயமா வந்திருக்காவ."

உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம்.

"வாங்கிட்டு வாங்க சார், வைக்கேன். தம்பி எப்ப வர்றாங்க?"

"அது... டிக்கெட் இன்னும் சரியா..."

"பெங்களூர்தான சார்?"

ஆமாம். பெங்களூர்தான்.

ஜூன் 17, செவ்வாய்

காலை 7.30. ரோஸ்லின் தன் பலகை, தன் கத்தி, நேற்று நான் வாங்கித் தந்த பாக்கெட்டிலிருந்து ஒரு கிண்ணம் இறாலோடு இறங்கி வந்தாள். எங்கள் சமையலறைப் பொருள் எதையும் கேட்கவில்லை. ஹாலில் தரையில் காகிதம் விரித்து, அரிசி அளவுக்கு நறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, ஒவ்வொன்றாக விட்டாள்.

பெரியது முதலில். ஒரே பாய்ச்சல். பிறகு சிறியது.

ல. நாலடி தள்ளி, புடவைத் தலைப்பால் மூக்கை மூடியபடி நின்றிருந்தாள். பிறகு மூன்றடி. பிறகு தலைப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "சாப்பிடறது பாருங்கோ! ஐயோ, சாப்பிடறது!"

"பசி ஆன்ட்டி. பாவம்" என்றாள் ரோஸ்லின். காகிதத்தைச் சுருட்டிக்கொண்டாள். தரையைத் துடைத்தாள். இரண்டு தடவை. அந்த இரண்டாவது தடவையை நான் பார்த்திருக்க வேண்டாம்.

ஜூன் 22, ஞாயிறு

கோமாளிகளுக்கு வயிறு வந்துவிட்டது. பிளென்னி தன் பாறையில் பாசி மேய்கிறது. இவை இறால் தின்கின்றன. ஒன்றையொன்று ஏறிட்டும் பார்ப்பதில்லை. தாஸ் சொன்னது சரி.

ரோஸ்லின் ஆறு நாளாக, தினம் இரண்டு வேளை, கிளினிக் போகுமுன்பும் வந்த பின்பும்.

ல. காபி தரும்போது: "அவா போயிட்டா யார் போடுவா? ஒரு ஆறு மாசம் இருக்கட்டுமே. பொரிக்கறச்சே ஜன்னலைச் சாத்திக்கச் சொல்லுங்கோ."

மாடிக்குப் போனேன். பையன் வரவில்லை என்றேன். வருவதாக இருந்ததே இல்லை என்றேன். நீங்கள் இருங்கள் என்றேன்.

"அவங்க வரலைங்கறது அன்னைக்கே தெரியும் சார். எல்லா ஹவுஸ் ஓனருக்கும் ஒரு பையன் இருப்பாங்க. கரெக்டா மாசக் கடைசில வருவாங்க." ஒரு பெட்டிக்கு டேப் ஒட்டி முடித்தாள். "இருக்கச் சொல்றது எங்களுக்காகவா, மீனுக்காகவா?"

"ரெண்டுக்கும்" என்றேன். அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தவன் கண்டுபிடித்த விடை அது.

"வேண்டாம் சார். மேற்கு மாம்பலத்துல பேசிட்டோம். பதினோரு வீடு பார்த்தாச்சு. உண்மையைச் சொன்ன இடத்துல ஒண்ணும் கிடைக்கல. இங்க வெஜ்ஜுன்னு சொல்லித்தான் கேட்டிருக்கோம். அந்த ஓனர் முடிவு சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணுவாராம்."

அவ்வளவுதான். பார்த்துச் சொல்லுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. என்னிடம் எதையும் கேட்டுப் பயனில்லை என்று முடிவு செய்திருக்க வேண்டும். நியாயம்.

ஜூன் 25, புதன்

இரவு மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

மாடியில் ஃப்ரிட்ஜைக் காலி செய்கிறார்கள். ரோஸ்லின் மிச்ச இறாலை நறுக்கி, நாளுக்கொரு பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து தந்தாள். கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விரல் மரத்தது. சொட்டியது.

ல. வந்தாள். பார்த்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஐஸ் தட்டை வெளியே எடுத்தாள். எவர்சில்வர் டப்பா, அதற்குள் இன்னொரு டப்பா, அதற்குள் பொட்டலங்கள். மூடி மேல் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டி, அழகான கையெழுத்தில் 'மருந்து' என்று எழுதினாள். தோசை மாவைக் கீழ்த்தட்டுக்கு இறக்கினாள். கை கழுவினாள்.

மாலை நானே போட்டேன். இறாலைத் தொட்டது இதுவே முதல் தடவை. வழவழப்பு. வேறொன்றும் ஆகவில்லை.

ஜூன் 26, வியாழன்

போன் வரவில்லை. ரோஸ்லினும் வரவில்லை. மழை விட்டு விட்டு. அந்த மனிதர் கேட்டால் என்ன சொல்வது என்று மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவனாக இருந்தேன். கிழித்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

காலை 9. போன். "சீனிவாசன் பேசறேன்" என்றேன். ல. சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நமஸ்காரம். மாம்பலத்துலேர்ந்து பேசறேன். உங்காத்து மாடில இருக்காளே ரோஸ்லின்னு ஒரு பொண்ணு, அவா நம்ம ஆத்துக்கு வரதா பேச்சு. மனுஷா எப்படி?"

நல்லவர்கள் என்றேன். அமைதி. சுத்தம். தண்ணீர் மோட்டார் விஷயமும் சொன்னேன்.

"அதெல்லாம் சரி. நேராவே கேட்டுடறேன், தப்பா எடுத்துக்கப்படாது. வெஜ்ஜுங்கறா. பேரைப் பார்த்தா அப்படித் தோணலை. மீன் வாசனை கீசனை வந்திருக்கா?"

"வந்திருக்கு" என்றேன்.

தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"பார்த்தேளா! நெனச்சேன்."

"எங்காத்துலேர்ந்து. ஃப்ரிட்ஜுல எறால் இருக்கு. தினம் ரெண்டு வேளை நறுக்கறோம். மூணு வருஷமா அவாதான் எங்களைப் பொறுத்துண்டிருக்கா."

ல. சமையலறை வாசற்படியில், கையில் தேங்காய் மூடியோடு. தடுக்கவில்லை.

"சரி," என்றார் கடைசியில். "ஞாயித்துக்கிழமை அவாளை வரச் சொல்லுங்கோ." போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சீனிவாசன்னுதானே சொன்னேள்? ஒண்ணு கேக்கலாமா... நீங்க என்ன கோத்திரம்?"

சொன்னேன்.