பத்துக் கிளை கண்ட அண்ணன்

ஆயுத பூஜை, இரவு.

வியாபாரமே இல்லாத கரியாலூர் மலைக் கிளையை மூடுகிறேன் என்று சொல்லத்தான் கடை ஆட்கள் எல்லாரையும் கள்ளக்குறிச்சிக் கடைக்கு வரவழைத்தேன். அடுத்த பூஜைக்குள் பத்து பேக்கரி என்று போன வருஷம் வாய்க்கு வந்தபடி அறிவித்தவனும் நான்தான். இருப்பது மூன்று.

வாசலில் புது பிளெக்ஸ். என் படத்துக்குக் கீழே ‘பத்துக் கிளை கண்ட அண்ணனே, வருக!’

கரியாலூர் கிளையைப் பார்த்துக்கொள்ளும் செல்வி ஓடி வந்தாள். “இன்னாண்ணா, நல்லா இருக்குதா? எங்க கடை ஆளுங்கதான் வச்சோம். அடுத்த கடை எங்கண்ணா?”

“சங்கராபுரம்” என்று சொல்லிவிட்டேன். அங்கே கடைக்கு இடம்கூடப் பார்க்கவில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அதன்பிறகு எப்படி வாயைத் திறப்பது? சுண்டலைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

போகும்போது செல்வி பிளெக்ஸை அவிழ்த்துச் சுருட்டினாள்.

“எங்க கடை வாசல்ல கட்றோம்ணா. மலைல எல்லாரும் பாக்கட்டும்.”