ஏழாம் மாதப் பதிவு

2007 ஜூலை 12

வலைப்பூவில் இறால் தொக்கு பதிவுக்கு மூன்று பின்னூட்டம். அதில் ஒன்று நானே போட்ட நன்றி.

வீட்டுக்காரர் கதிரவன் பாடம் நடத்தச் சுரக்குடி பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டால் தலத்தெருவில் இந்த வீட்டில் சாயங்காலம் வரை நானும் கம்ப்யூட்டரும்தான். கல்யாணமாகி ஆறு வருஷம். பிள்ளையில்லாத வீட்டில் வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

பாலகுரு என்கிற மூத்த பதிவர் மெயில் அனுப்பியிருக்கிறார். "சமையல் எல்லாரும் எழுதறாங்க. உங்களுக்கு நடக்கறதை எழுதுங்க. ஒரே நாள்ல கொட்டிடாதீங்க. கொஞ்சம் மிச்சம் வைங்க, மறுநாளும் வந்து பார்ப்பாங்க."

எனக்கு என்ன நடக்கிறது? பிள்ளைக்காக ஊசி போட்டுக்கொள்ளத் தஞ்சாவூருக்குப் போய் வருகிறேன். அதுவா?

ஜூலை 30

அதுதான்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மா "எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டதை எழுதினேன். நான் என்ன சொன்னேன் என்பதை எழுதாமல் நிறுத்திவிட்டேன். சாயங்காலத்துக்குள் நாற்பது பின்னூட்டம். "சொல்லுங்க அல்லி, என்ன சொன்னீங்க?"

அல்லி என்ற பெயரில்தான் எழுதுகிறேன். வினோதினி என்று யாருக்கும் தெரியாது. வலைப்பூ இருப்பது கதிரவனுக்கே தெரியாது.

செப்டம்பர் 9

தங்கியிருக்கிறதாம்!

அத்தை அம்பகரத்தூர் காளியம்மன் கோயில் குங்குமத்தோடு வந்துவிட்டார். கதிரவன் கடைக்குப் போய் ஒரு கிலோ மாதுளம்பழம் வாங்கி வந்தார்.

பதிவில் சொன்னேன். யார் யாரோ "அழுதேன்" என்று எழுதியிருக்கிறார்கள். குவைத்திலிருந்து என் பதிவுகளைப் படிக்கும் அமீர் நிஷாவுக்கும் இதே மாதம்தான், தலைப்பிள்ளை. அவள் பிறந்தது காரைக்காலில். "நாம ரெண்டு பேரும் ஒண்ணாவே பெத்துக்குவோம் அக்கா, இன்ஷா அல்லாஹ்."

அக்டோபர் 17

போயிடுச்சு.

அக்டோபர் 26

"அடுத்த தடவை பாத்துக்கலாம் வினோ. அதைப் பத்திப் பேச வேணாம்" என்றார் கதிரவன். அதன்பிறகு பேசவே இல்லை. பார்க்க வருகிறவர்களிடம் அத்தை "அவளுக்குக் காய்ச்சல்" என்கிறார்.

எனக்கு என்ன காய்ச்சல்?

நவம்பர் 14

விடாத மழை. இன்றுதான் வலைப்பூவைத் திறந்தேன். "அல்லி, எங்கே போனீங்க? பாப்பா எப்படி இருக்கு?" கீழே, இன்னும் கீழே, எல்லாம் இதே கேள்வி. நிஷா மட்டும் ஏழு தடவை கேட்டிருக்கிறாள்.

இந்த உலகத்தில் அந்தக் குழந்தையை விசாரிக்கிறவர்கள் இவர்கள் மட்டும்தான்.

உண்மையை அடித்தேன். அழித்தேன். மறுபடி அடித்தேன் — அழித்தேன். கடைசியில் "மசக்கை படுத்துகிறது, அதனால்தான் வரவில்லை" என்று போட்டுவிட்டேன். இந்த ஒன்று மட்டும். அடுத்த வாரம் சொல்லிவிடலாம்.

டிசம்பர் 20

சொல்லவில்லை.

எந்த மாதத்தில் என்ன இருக்கும் என்று ஒரு புத்தகம் வாங்கி, அதைப் பார்த்து எழுதுகிறேன். எல்லா வலைப்பூக்களையும் சேர்த்துக் காட்டும் திரட்டியில் இந்த வாரம் என் பதிவுதான் முதலில் நிற்கிறது. எழுதும்போது ஒரு கை தானாக வயிற்றுக்குப் போய்விடுகிறது. எழுதி முடித்ததும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

2008 ஜனவரி 22

பதிவில் அல்லிக்கு வளைகாப்பு நடத்தினேன். வளையல் என்ன நிறம் என்று கேட்டார்கள். பச்சையும் சிவப்பும் என்றேன். நான் பைத்தியமா?

பிப்ரவரி 11

பின்னூட்டம் குறைகிறது. ஏழாம் மாதத்தில் எழுத ஒன்றுமில்லை. கால் வீக்கத்தை எத்தனை தடவை எழுதுவது? பாலகுரு சொன்ன 'மிச்சம்' ஞாபகம் வந்தது. "நேற்றிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை" என்று ஒரு வரி எழுதி அதோடு நிறுத்தினேன்.

பிப்ரவரி 12

இதுவரை இவ்வளவு பேர் வந்ததில்லை. ஒருத்தி கோயிலில் விளக்குப் போட்டாளாம். நிஷா தன் உம்மாவிடம் சொல்லி நாகூரில் பாத்திஹா ஓத வைத்திருக்கிறாள்.

இளநீர் குடித்தேன், இடப்பக்கமாகப் படுத்தேன், சாயங்காலம் உதைத்துவிட்டான், ஒரு நாள் அசையாவிட்டால் பயப்பட வேண்டாம் — இப்படி முடித்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

மார்ச் 6

அந்த இளநீர்ப் பதிவின் அடியில் காலையில் நிஷா எழுதியிருந்தாள். "அக்கா, நேத்து மத்தியானத்துலேர்ந்து புள்ள அசையல. இங்க இளநீர் கிடைக்கல, ஜூஸ் குடிச்சேன். உங்கள மாதிரியே இடப்பக்கமா படுத்திருக்கேன். உங்களுக்கு எவ்வளவு நேரத்துல உதைச்சான்?"

உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க என்று எழுதினேன். பதில் வந்தது. "அவங்க வேலை முடிஞ்சு வந்துடட்டும் அக்கா. உங்களுக்கும் ஒரு நாள் ஆச்சுல்ல? பயப்பட வேணாம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

நான்தான் எழுதினேன். நான்தான். எந்தப் புள்ள உதைச்சுது? யாரு உதைச்சா?

"நிஷா, அது பொய். என் வயிற்றில் பிள்ளை இல்லை. அக்டோபரிலேயே போய்விட்டது. அதற்கப்புறம் எழுதியது எல்லாமே பொய். யாருக்காகவும் காத்திருக்காமல் டாக்சி பிடித்து இப்பவே போங்க."

பார்க்காமல் விட்டுவிடுவாளோ என்று அதையே புதிய பதிவாகவும் போட்டேன். மெயிலில் என் செல் நம்பரை அனுப்பினேன்.

பதில் இல்லை. உலை வைக்கவில்லை. சாயங்காலமும் பதில் இல்லை.

மார்ச் 8

பின்னூட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பிசாசு. உனக்கெல்லாம் பிறக்காததே நல்லது. என் பெண்டாட்டி உனக்காக விரதம் இருந்தாள். தன் பெயரை எங்கேயும் இழுக்க வேண்டாம் என்று பாலகுருவின் மெயில்.

ஒன்றுவிடாமல் படிக்கிறேன். நிஷாவின் பெயர் இருக்கிறதா என்றுதான் தேடுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

யாராவது சொல்லி அவருக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டேன். கதிரவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். மத்தியானம் வரை அவர் எழுந்திருக்கவில்லை.

கத்துவார் என்று நினைத்தேன். வந்து கதவோரமாக நின்றார்.

"ஆறாம் மாசம் நாம ரெண்டு பேரும் பீச்சுக்குப் போனோம்னு எழுதியிருக்கியே. நான் வயித்துல காதை வச்சுக் கேட்டேன்னு."

"மன்னிச்சிருங்க."

"அதை நாலு தரம் படிச்சேன்." கம்ப்யூட்டர் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "அதுக்கப்புறம் எழுதலையா? பொறந்தானா?"

கேட்டுவிட்டு அவரே முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர். நான் பக்கத்தில் போய் நின்றேன். வேறென்ன செய்வது?

மார்ச் 19

நிஷாவிடமிருந்து ஒன்றுமில்லை. வலைப்பூவை அழித்துவிடு என்று கதிரவன் சொல்லவில்லை. நானும் அழிக்கவில்லை. அவள் வந்து பார்த்தால்?

ஏப்ரல் 3

குவைத் நம்பர். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், ஓடிப்போய் எடுத்தேன்.

"நிஷா பேசறேன்." குரல் இவ்வளவு சின்னப் பெண்ணுடையதாக இருக்கும் என்று நினைக்கவில்லை. "உங்க பதிவைப் பாத்ததும் போனேன். போனப்பவே உயிர் இல்லன்னு சொல்லிட்டாங்க. முதல் நாளே வந்திருந்தா பொழச்சிருக்குமான்னு கேட்டேன். டாக்டருக்கும் சொல்லத் தெரியல."

ஈரத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"உங்கள மன்னிக்கறதுக்குப் போன் பண்ணல. அது என்னால முடியாது."

"தெரியுதும்மா."

"இங்க யாரும் அந்தப் புள்ளயைப் பத்திப் பேச விட மாட்டேங்கறாங்க. மறந்துடு, மறந்துடுங்கறாங்க. அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். சொன்னா கேப்பீங்களா?"

கேட்டேன். தலை நிறைய முடியாம். விரல்கள் அவள் வாப்பாவுடையது போல நீளமாம். இரண்டு தடவை லைன் கட்டானது. இரண்டு தடவையும் அவளே கூப்பிட்டாள்.

கடைசியில், "இதை எங்கயும் எழுதிராதீங்க" என்றாள்.

"எழுத மாட்டேன்."

பேர் வைத்திருந்தார்களாம். சொன்னாள். இந்த டைரியிலும் எழுதவில்லை.