மைனஸ் முப்பத்திரண்டு

கட்சால் தீவு, வியாழன்

அன்புள்ள அப்பாவுக்கு, சங்கவி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கண் ஆபரேஷனுக்குப் பிறகு என் கையெழுத்து தெளிவாகத் தெரிகிறதா? நான் சுகம். இங்கே ஒரு வாரமாக நெட் இல்லை. அதனால்தான் கப்பலில் கடிதம்.

கப்பல்துறையிலுள்ள கருவி கடல்மட்டத்தை பைனரி ஃபைலாகப் பதிகிறது. கட்டளை தட்டினால் அதைப் பிரித்து அட்டவணையாகக் காட்டும் ஷெல் ப்ளக்இன் எழுதுகிறேன். செவ்வாய் காலை நிலம் லேசாக அசைந்தது, இங்கே வழக்கம்தான். ப்ளக்இனை ஓட்டினேன். கடல்மட்டம் 65,504 மில்லிமீட்டர் என்றது. அறுபத்தைந்து மீட்டர்.

உடன் வேலை செய்யும் பங்கஜம் அக்கா, சுனாமியின்போது இங்கேயே இருந்தவர், என் கையைப் பிடித்து இழுத்தார்.

"என் ப்ரோகிராம்லதான் தப்பு இருக்கும்க்கா."

"மேல போய்த் திருத்து. சலோ."

ரப்பர் தோட்டத்து மேட்டில் லேப்டாப்பைத் திறந்தேன். மைனஸ் எண்ணையும் ப்ளஸ்ஸாகவே படிக்கும்படி எழுதியிருந்தேன். அப்படிப் படித்தால் சின்ன மைனஸ்கூட அறுபத்தையாயிரத்துச் சொச்சமாகிவிடும். ஒரு வரியைத் திருத்தியதும் மைனஸ் 32 என்று வந்தது.

"கடல் கொஞ்சம் இறங்கியிருக்கு, அவ்வளவுதான்" என்று சிரித்தேன்.

அக்கா சிரிக்கவில்லை. "அன்னிக்கும் மொதல்ல எறங்கத்தான் செஞ்சுது."

மதியம்வரை இருவரும் கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. கவலைப்படாதீர்கள்.

ஓடியதில் செருப்பு அறுந்துவிட்டது. பின்வார் வைத்ததாக, ஆறாம் நம்பரில் இரண்டு ஜோடி அனுப்புங்கள். நம் வீட்டுப் பழைய பேப்பரிலேயே சுற்றுங்கள், படிக்க ஆகும்.

கப்பல் ஊதிவிட்டது. ஒரு ஜோடி அக்காவுக்கு. சுனாமி அன்று அவர் வெறுங்காலோடுதான் மேடு ஏறினார்.

சங்கவி