திரையில் செல்வராஜ் பெயர்

ஜூன் 9, திங்கள்
விடியற்காலையிலிருந்து மழை. எதிர்மலை தெரியவில்லை.

எங்கள் நீர்மின்நிலையத்தின் அலாரம் பிரிண்டரைக் கழற்றியாயிற்று. எது கோளாறானாலும் கரகரவென்று ஒரு வரி அடிக்கும் பெட்டி. இனி எல்லாம் கேபிள் வழியாகத் திரைக்கு. அதே நேரத்தில் கொழும்பு ஆபீசுக்கும். பொருத்திக்கொடுத்தது கொட்டகலைப் பெண், இஞ்சினியர் தர்ஷினி.

“இனிமே ரிப்பன் மாத்துற வேலயே இல்லங்க.”

எனக்கு நிம்மதிதான். போன வருஷம், மேல்மதகில் அடைத்த இலைக்குப்பையை அள்ளப் போன என் கூட்டாளி செல்வராஜை வெள்ளம் கொண்டுபோன அன்றும் அந்தப் பிரிண்டர் அடித்துக்கொண்டேதான் இருந்தது. அவன் மனைவி புஷ்பத்துக்கு இங்கேயே கூட்டிப் பெருக்கும் வேலை. அந்தச் சத்தம் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும்.

டார்ச் பேட்டரி வாங்க வேண்டும்.

ஜூன் 11, புதன்
தொண்டை வலி. கொத்தமல்லித் தண்ணீர்.

திரையில் சிவப்பு வரி: மேல்மதகு, நீர்மட்டம் அதிகம். பார்த்துவிட்டேன் என்று பட்டனை அழுத்தினேன். வரிக்குப் பக்கத்தில் பெயர் விழுந்தது. செல்வராஜ்.



தர்ஷினிக்குப் போன். பழைய ஷிப்ட் பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டாளாம். அதில் பகல் ஷிப்டுக்கு இன்னும் அவன் பெயர்தான்.

“ஐயோ, மன்னிச்சுக்குங்க. இப்பவே தூக்கிடவா?”

“இருக்கட்டும்மா. அப்புறம் பாப்போம்.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அறையில் துணைக்கு ஆள் வந்த மாதிரி இருந்தது.

ஜூன் 12, வியாழன்
மறுபடி அதே வரி. அதே பெயர்.

“சரி மச்சான்” என்றேன், வாய்விட்டே. திரும்பினால் பின்னால் புஷ்பம், கையில் விளக்குமாறு. இங்கிலீஷ் எழுத்தில் அவன் பெயர் மட்டும் அவளுக்கு அடையாளம் தெரியும், சம்பளச் சீட்டில் பார்த்துப் பழகியது.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து போன். யாரோ புதியவர், சிங்களத்தில். திரையில் செல்வராஜ் என்று இருக்கிறதே, அவரைக் கொஞ்சம் கூப்பிடுங்கள், மதகில் தண்ணீர் எப்படி என்று கேட்க வேண்டும்.

இறந்துவிட்டான் என்று சொல்ல வாய் வரவில்லை. வெளியே போயிருக்கிறார் என்றேன்.

புஷ்பத்துக்குச் சிங்களம் நன்றாகவே புரியும்.

ஜூன் 13, வெள்ளி
புஷ்பம் வந்ததும் நேரே என்னிடம்.

“அண்ணே, அந்தப் பேர எடுத்துருங்க.”

“எனக்கு மனசு வரலம்மா.”

“எனக்கு மட்டும் வருதா? ராவெல்லாம் தூக்கமே இல்ல. தண்ணி ஏறுனா அவரத்தானே கூப்புடுது. இந்த மழையில மறுபடியும் அவர மதகுக்கு அனுப்பாதீங்கண்ணே.”

தர்ஷினியிடம் சொன்னேன். கொட்டகலையில் இருந்தபடியே எடுத்துவிட்டாள். முன்பு விழுந்த வரிகளில் மட்டும் இருக்குமாம். அதை யாராலும் மாற்ற முடியாதாம்.

ஹட்டன் டவுனுக்குப் போகவில்லை. பேட்டரி பாக்கி.

ஜூன் 14, சனி
பேய்மழை. சிவப்பு வரி. பட்டன். என் பெயர்.

மதகுக் கம்பியில் இலை அடைத்திருக்கிறது. போய் அள்ளாவிட்டால் தண்ணீர் வராமல் டர்பைன் நின்றுவிடும். பூட்ஸ் மாட்டினேன்.

வாசலை மறித்துக்கொண்டு புஷ்பம்.

“தண்ணி எறங்கட்டும்ணே.”

“மெஷின் நின்னுரும் புஷ்பம்.”

“நிக்கட்டும்.”

நகரவில்லை. டர்பைன் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி, நின்றது. பூட்ஸைக் கழற்றினேன்.