இவருக்குப் பதில் இவர்

4.6.2001, திங்கள்

கெங்கம்மா வீட்டு டிவியில் சீரியல் முடிந்து பெயர்கள் ஓடும்போது, இந்த வயதில் இரவுப் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்ற நான் இன்று பாதிக்கு மேல் படித்துவிட்டேன். கேமராக்காரர், சேலை கொடுத்த கடை, சாப்பாடு போட்டவர், எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. இத்தனை நாள் அவை எனக்கு ஓடுகிற எறும்புகள். கிழவன் நான் வாசிப்பதைக் கேட்டு கெங்கம்மா, "டிவிக்காரன் உனுக்குதான் சம்பளம் குடுக்கணும் மாமா" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

டிவி பார்க்க வந்த பெண்களுக்குப் பெயர்களைப் பற்றிக் கவலை இல்லை. சீரியலில் சுகந்தியின் புருஷன் பாஸ்கர் காரோடு ஆற்றில் விழுந்து பல வாரம் ஆகிறது. செத்துவிட்டான் என்கிறாள் கெங்கம்மா. பிணத்தைக் காட்டாதவரை சீரியலில் யாரும் சாவதில்லை என்று இன்னொருத்தி அடித்துச் சொல்கிறாள். சுவரோரம் உட்கார்ந்திருந்த என் மருமகள் கோவிந்தம்மா, "வருவாரு" என்று மட்டும் சொன்னாள்.

அவள் புருஷன், என் மகன் செல்வம், போன கார்த்திகையில் கடலுக்குப் போனான். படகு பழவேற்காட்டுப் பக்கம் ஒதுங்கியது. அவன் ஒதுங்கவில்லை.

11.6.2001

நாட்டார் வீட்டுக்கு வந்தார். முகத்துவாரக்குப்பத்தில் நல்லது கெட்டதுக்கு அவர் சொல்வதுதான். ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் செல்வத்துக்குக் காரியம் செய்து, கோவிந்தம்மாவின் தாலியையும் இறக்கிவிட வேண்டும் என்றார். காரியம் ஆகாத உயிர் கரைக்கும் வராது, போகவும் போகாது என்றார். நான் தலையாட்டினேன்.

கோவிந்தம்மா தாலியைக் கைக்குள் மூடிக்கொண்டு, "பாஸ்கரு கதை இன்னா ஆவுதுன்னு தெரியட்டும். அப்பால பாத்துக்கலாம்" என்றாள்.

பாஸ்கர் யார் என்று நாட்டார் என்னைக் கேட்டார். நான் மோர் எடுக்க உள்ளே போனேன்.

19.6.2001

இன்று பெரிய வாக்குவாதம். பாஸ்கர் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை, சுகந்தி நெற்றியில் பொட்டு இருக்கிறது, அதனால் வருவான் என்று ஒரு கட்சி. அந்த நடிகர் சினிமாவுக்குப் போய்விட்டார், இனி எப்படி வருவார் என்று கெங்கம்மா கட்சி. கெங்கம்மா சொன்னது நியாயமாகத்தான் பட்டது. கோவிந்தம்மா வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை.

"நீ சொல்லு மாமா. வருவாரா?"

யார் என்று நான் கேட்கவில்லை. வருவான் என்றேன். சொன்ன பிறகுதான் சாப்பிட்டாள்.

2.7.2001, திங்கள்

பாஸ்கர் வந்துவிட்டான்!

முதலில் காலைக் காட்டினார்கள். பிறகு கையை. சுகந்தி திரும்பினாள். முகத்தைக் காட்டினார்கள் – அது வேறு ஆள். தாடை அகலம், மூக்கு வேறு. படத்துக்குக் கீழே எழுத்து வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மறைவதற்குள் படித்துவிட்டேன். 'இவருக்குப் பதில் இவர்.' சத்தமாக இரண்டு முறை படித்தேன்.

பிறகு கெங்கம்மா, "இவரும் நல்லாதான் கீறாரு" என்றாள். சுகந்தி அவன் மார்பில் விழுந்து அழுதாள். பாஸ்கரின் அம்மா கொஞ்சமும் தயங்காமல் காபி கொடுத்தாள்.

வீடு திரும்பும்போது கோவிந்தம்மா கேட்டாள். "பெத்தவளுக்குக்கூடவா தெரியல மாமா?"

"தெரிஞ்சா கதை நின்னுபூடுமே" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.

13.7.2001, வெள்ளி

மீன் எடுக்கக் காசிமேடு போன கோவிந்தம்மா, ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறாள்.

14.7.2001

எழுத்து கோணுகிறது.

ஆந்திரா பக்கத்திலிருந்து வந்த லாஞ்சிப் படகில் இறங்கினவனாம். அவனுக்குச் செல்வத்தின் லுங்கியைக் கொடுத்திருக்கிறாள். செல்வத்தின் தட்டில் சோறு போட்டாள். "உம் புள்ள வந்துட்டாரு மாமா" என்கிறாள். உப்புத் தண்ணி ஆளை மாத்திடுமாம்.

எம் புள்ள கறுப்பு. இவன் சிவப்பு. எம் புள்ளயவிட ஒரு சாண் ஒசரம். இன்னா பண்ணிகினு கீறா இவ? ஊரு சிரிக்காதா? எம் புள்ள எங்க?

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான்.

16.7.2001

ஊர் சிரிக்கவில்லை.

கெங்கம்மா வந்தாள். வாசலில் நின்று, ஒரு விளம்பரம் ஓடுகிற நேரம் அவனையே பார்த்தாள். பிறகு, "இன்னா செல்வம், எளைச்சுப் பூட்ட" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் செல்வம் என்றுதான் கூப்பிட்டார்கள்.

மாலையில் டிவி ஓடியது, ஆனால் பாஸ்கரைப் பற்றி யாரும் பேசவில்லை. செல்வம் இனிக் கடலுக்குப் போவானா, போன இடத்தில் இன்னொரு குடும்பம் இருக்குமா, கோவிந்தம்மாவுக்கு எப்போது குழந்தை பிறக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். மெல்லிய குரலில், சீரியலைப் பற்றிப் பேசுகிற அதே ஆசையோடு. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

18.7.2001

கழிமுகத்தில் அவனைத் தனியே பிடித்தேன். "யாருப்பா நீ?" என்றேன்.

அவன் வெகுநேரம் யோசித்தான். ஏமாற்றுகிறவன் அப்படி யோசிக்க மாட்டான்.

"கூப்புட்ற பேருதான், நைனா" என்றான்.

குப்பத்தில் எல்லாப் பிள்ளைகளும் அப்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தெரியும். ஆனாலும் எட்டு மாதமாக என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

20.7.2001, ஆடி அமாவாசை

கரையெல்லாம் கூட்டம். நாட்டார் இலை விரித்து, எள்ளும் சோறும் வைத்துக் காத்திருந்தார். கோவிந்தம்மா பொட்டு வைத்து, பூ வைத்து எனக்குப் பின்னால் நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அவன். நாட்டார் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம், "பெத்தவன் நீ. நீ சொல்லு" என்றார்.

கோவிந்தம்மா மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"எம் புள்ள வந்துட்டான்" என்றேன்.

நாட்டார் எழுந்து போனார். அலை வந்து இலையை இழுத்துக்கொண்டு போனது. அது போன பக்கம் நான் பார்க்கவில்லை.

6.8.2001, திங்கள்

நல்ல நாள். செல்வத்துக்கு இன்று வஞ்சிரம் கிடைத்தது. ஒன்றைக் குழம்புக்கு வைத்துக்கொண்டோம். கோவிந்தம்மா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்தாள். விளக்கு வைத்த நேரத்தில் மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம்.

அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள். ஈரக் கையால் தட்டுகிற சத்தம். "நைனா" என்று ஒரு குரல். கொஞ்சம் பொறுத்து, மறுபடியும்.

எனக்குத் தெரிந்த குரல்தான். அது பெற்றவனுக்குத் தெரியாமல் இருக்குமா?

கோவிந்தம்மா தலை நிமிராமல் செல்வத்துக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். நான் என் தட்டிலிருந்த மீனை எடுத்து அவன் தட்டில் வைத்தேன்.