உன் செங்கல்லில் என் பொங்காலை

இன்று தலைக்கு இரண்டு முறை ஷாம்பு போட்டும் புகை வாடை போகவில்லை. "மூணு நாளைக்குப் போகாதுடீ, பொங்காலை போட்டவாளுக்கு அதான் சர்டிபிகேட்" என்று நீ சொன்னது சரிதான். ஈரத் தலையோடு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். நீ படிக்கப்போவதில்லை என்று தெரியும். முன்பும் நான் அனுப்பியதையெல்லாம் நீ ஒழுங்காகப் படித்தவள் அல்லவே.

பினாங்கிலிருந்து முதுகலை படிக்க வந்த என்னைத் திருவனந்தபுரம் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த ஊர்? பஸ்ஸில், மெஸ்ஸில், பூக்கடையில். என் தமிழைக் கேட்டுவிட்டு ஒருமுறை, என் மலையாளத்தைக் கேட்டுவிட்டு மறுமுறை. பினாங்கு என்றதும் விருந்தாளிக்குக் கிடைக்கும் சிரிப்பு ஒன்று கிடைக்கும். நானும் விருந்தாளி மாதிரிதான் கோயில், சந்தை, திருவிழா என்று படமெடுத்துத் திரிந்தேன். வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரியான நீதான், "படம் பிடிச்சது போதும், வந்து புகை தின்னு" என்று கரமனையில் உங்கள் தெருவுக்கு இழுத்துப் போனாய்.

ஆற்றுக்கால் பகவதிக்குத் தெருவிலேயே பொங்கலிடும் பொங்காலை நாள் அது. தெரு முழுக்கப் பெண்கள். ஆளுக்கு மூன்று செங்கல், ஒரு மண்பானை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று உன் அடுப்புக்குத் தீக்குச்சியைக் கிழித்தேன். நீ பதறி ஊதி அணைத்தாய்.

"அய்யய்யோ, நாமளா கொளுத்தப்படாது! ஆற்றுக்கால் கோவில்லேந்து தீ வரணும். ஒருத்தி அடுப்புலேந்து அடுத்தவ அடுப்புக்கு. சும்மா நில்லு, கேட்டியா?"

நின்றோம். வெயில் ஏறியது. கடைசியில் முன்பின் தெரியாத ஒருத்தி எரிகிற ஓலையை நீட்ட, நீ வாங்கிக்கொண்டாய்.

அடுத்த பொங்காலைக்குள் உன் ரத்தத்தில் நோய் வந்துவிட்டது. மருந்து ஏற்றி முடியெல்லாம் கொட்டியிருந்தது. புகைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூட நாளிலிருந்து நீ ஒரு வருடமும் விட்டதில்லை. "எனக்காக நீ போடு. என் பானை பொங்கியே ஆகணும்" என்றாய். ஹாஸ்டல் கெட்டிலில் நூடுல்ஸ் வேகவைத்தது தவிர வேறு சமையல் அறியாதவளிடம்!

உங்கள் வாசலில் உன் செங்கல்லை அடுக்கிப் பானையை ஏற்றினேன். தீ வந்தது. சுற்றியிருந்த பானைகள் ஒவ்வொன்றாகப் பொங்கின. பெண்கள் நாக்கைச் சுழற்றி இடும் குரவைச் சத்தம் எழுந்தது. உன் பானை மட்டும் உம்மென்று இருந்தது. பயத்தில் விறகை மேலும் மேலும் திணித்தேன். புகைதான் கிளம்பியது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வீட்டு மாமி, "நகரு குழந்தே, நான் பாத்துக்கறேன்" என்று குனிந்தார். அப்போது உங்கள் வீட்டு மாடி ஜன்னலைத் திறந்துகொண்டு உன் மொட்டைத் தலை எட்டிப்பார்த்தது.

"வேண்டாம் மாமி! அவளே பொங்க வெப்பள். ஏய் பினாங்கு, பாதி விறகை வெளியே இழு! அடுப்பு மூச்சு விட வேண்டாமா?"

இழுத்தேன். குப்பென்று பிடித்தது. நுரை கழுத்துவரை ஏறி, கொஞ்சம் தயங்கி, வழிந்தே விட்டது. நான் குரவையிட்டேன். குரவையா அது? காக்கை கத்தியதுபோல் இருந்தது. தெருவே சிரித்தது. நீ ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, மூச்சு வாங்க, "பொங்கிடுத்து, பொங்கிடுத்து" என்று கத்தினாய். பட்டம் வாங்கிய நாளில்கூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

அதற்கடுத்த பொங்காலைக்கு நீ இல்லை. உன் செங்கற்களை உன் அம்மா என்னிடம் கொடுத்தார். படிப்பு முடிந்து வேலையும் இங்கேயே அமைந்தது. நானும் ஒரு வருடம் விடவில்லை. ஒவ்வொரு முறை பானை வழியும்போதும் அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்க்கிறேன். உன் மேல் கோபமாக வருகிறது, சிரிப்பும் வருகிறது.

இன்று காலை பக்கத்து அடுப்புக்காரி நாகர்கோவிலிலிருந்து முதல் தடவையாக வந்தவள். தீ எனக்கு முதலில் வந்தது. என் அடுப்பிலிருந்து ஓலையைப் பற்றவைத்து அவளிடம் நீட்டினேன். வாங்கிக்கொண்டே கேட்டாள்: "ஒனக்கு எந்த ஊரு மக்ளே?"

யோசிக்கவே இல்லையடி. "கரமனை" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுப்பை மூட்டக் குனிந்தாள். மறு கேள்வி கேட்கவில்லை.