மூவர் வரிசையின் நடு ஆள்

கால்டர்ஸ் பெண்ட், ஒஹாயோ
அக்டோபர் 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹூஸ்டன் வெயில் பாடாய்ப் படுத்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே குளிர் வந்துவிட்டது. அம்மாவின் இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. தேவாலயத்தில் பிரோஹி கொழுக்கட்டை பிடிக்கப் போவதை மட்டும் விடவில்லை. கொலம்பஸ் நர்ஸ் பள்ளியிலிருந்து எனக்கு மறுபடியும் கடிதம் வந்திருக்கிறது. பதில் போடவில்லை. அம்மாவை யார் பார்ப்பது?

இது தம்பி ரூடி விஷயம். ஃபோனில் பேசினால் அவன் பக்கத்திலேயே நிற்பான் என்றுதான் எழுதுகிறேன்.

கோச் ஸ்டால் இந்த வருஷம் ஃபுட்பால் அணியின் தடுப்பு வரிசையை மாற்றிவிட்டார். நீங்கள் ஆடிய காலத்திலிருந்து நம் பள்ளி அணியில் முன் வரிசையில் நாலு பேர், பின்னால் மூன்று பேர். இப்போது முன்னால் மூன்று, பின்னால் நாலு. உருக்காலை மூடியதும் பெரிய உடம்புக்காரப் பையன்கள் எல்லாரும் குடும்பத்தோடு டெக்சஸ் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சிய பெரிய உடம்பு நம் ரூடிதான்.

நால்வர் வரிசையில் அவனுக்கு ஒரே ஒரு சந்து. பந்து நகர்ந்ததும் அதில் பாய்ந்து, பந்தைக் கையில் இடுக்கி ஓடுகிற ஆளை மடக்குவான். போன வருஷம் பேப்பரில் அவன் பெயர் வந்ததெல்லாம் அப்படித்தான். மூவர் வரிசையில் அவன் நட்ட நடுவில். இரண்டு பக்கச் சந்தும் அவன் பொறுப்பு. எதிராளிகள் இரண்டு பேர் அவன்மேல் விழுவார்கள். விழ வேண்டும், அதுதான் திட்டம். அந்த இருவரையும் அவன் சுமந்துகொண்டு நிற்க, பின்னாலிருந்து கிப் லாத்ரப் தடையில்லாமல் ஓடிவந்து ஆளைச் சாய்ப்பான். கார் கடை லாத்ரப்பின் மகன்தான்.

திட்டம் மோசம் என்று சொல்லமாட்டேன். ஜெயிக்கிறோம். போன ஆட்டத்தின் படம் பேப்பரில் வந்தது. கிப் ஆளைக் கட்டிப்பிடித்து விழுகிறான். ஓரத்தில் இரண்டு பேருக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. விரலில் இருந்த பிளாஸ்திரியை வைத்து அம்மா கண்டுபிடித்தாள். காலையில் சுற்றிவிட்டதே அவள்தான். வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் "இது எம்புள்ள கை" என்கிறாள்.

நவம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு, ஒரு கல்லூரியிலிருந்து ஆள் எடுப்பவர் பார்க்க வருகிறார். எடுத்துக்கொண்டால் படிப்பு முழுக்க இலவசம். ரூடிக்கு இந்த ஊரைவிட்டுப் போக வேறு வழி கிடையாது. கிப்புக்கு அவன் அப்பா கடை இருக்கிறது.

நான் கோச்சைப் போய்ப் பார்த்தேன். அன்றைக்கு மட்டுமாவது நால்வர் வரிசை போடச் சொன்னேன். கெட்ட மனிதர் இல்லை, நாற்காலி எடுத்துப் போட்டார். நாலாவது ஆளுக்கு எங்கே போவேன் என்றார். பிறகு, "நடுவுல நிக்கிறவன் பேரு பேப்பர்ல வராதும்மா. ஆனா அவன் நிக்கலேன்னா யார் பேரும் வராது" என்றார்.

அப்படியானால் கிப்பை நடுவில் நிறுத்துங்கள் என்றேன். சிரித்துவிட்டார். "அவன் முதுகு ரெண்டா ஒடிஞ்சிரும்." ரூடிக்கும் இருப்பது ஒரு முதுகுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்றைக்கு மட்டும் இடத்தை விட்டுவிட்டுப் பாய்ந்து ஆளைப் பிடி, கல்லூரிக்காரர் உன்னைப் பார்க்கட்டும் என்று ரூடியிடமே சொன்னேன். முட்டையைத் தின்றுகொண்டே, "உன் எடத்த விட்டு நகராதேன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. நீ போக்கா" என்றான்.

பஸ் நிலையத்தில் நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. கோபப்படாதீர்கள் அப்பா. உலைக்கு முன்னால் இருபது வருஷம் நீங்களும் உங்கள் இடத்தை விட்டு நகரவில்லை. ஆலையை மூடுகிறார்கள் என்பதை ரேடியோவில்தானே கேட்டீர்கள்?

அவன் பாய்ந்தால் நடு திறந்துகொள்ளும். தோற்றாலும் தோற்போம். ஊர் திட்டும். திட்டட்டும், திட்டுகிறவர்கள் யாரும் அவனைப் படிக்கவைக்கப் போவதில்லை.

நான் சொன்னால் கேட்கமாட்டான். நகரலாம் என்று ஒரே ஒரு வரி, உங்கள் கையெழுத்தில், அந்த வெள்ளிக்கு முன்னால் வர வேண்டும்.

அங்கே கட்டட வேலையில் சாரத்தில் ஏறும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொள்ளுங்கள். கொலம்பஸ் கடிதம் இன்னும் மேஜைமேல்தான் இருக்கிறது. அந்த வரியை எழுதும்போது ரூடி பெயரோடு என் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள் மகள்,
டார்லீன்